நல்லையா வீட்டு ரேடியோ

நாடே மெர்டேக்கா என்று விடுதலை கொண்டாடுகிற நாளில் வீட்டு ரேடியோவை ஊமையாக்கி வைக்கிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

காஜா பேராங்கில், வரிசை வீடு ஒன்றில், ஒருவர் இருந்தார். பெயர் நல்லையா. பஸ் கண்டக்டர். அந்த வரிசை வீடுகளில் அன்று காலை அவர் பேச்சுதான்.

"ரிப்பேராம், ரிப்பேரு! நம்மளைப் போல நாலு பேர் போய் உக்காந்தா கோப்பி ஊத்தணுமே, அந்தப் பயம்" என்றார் அப்பாசாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிசைக்கே இரண்டு ரேடியோதான். ஒன்று நல்லையா வீட்டில். இன்னொன்று பக்கத்திலேயே, விஜயா வீட்டில். இரண்டும் ஒரே மாதிரி. இப்போது பாடுவது விஜயா வீட்டு ரேடியோ மட்டும். கோலாலம்பூரில் கொடி ஏற்றுவதைக் கேட்க வரிசையே அவள் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

"கோப்பி கிடக்கட்டும் மாமா" என்றாள் விஜயா, இடுப்பில் பிள்ளையும் கையில் கோப்பித் தட்டுமாக. "பொன்னம்மா அக்கா எந்திரிக்க முடியாம படுத்த படுக்கையா கிடக்காங்க. ரேடியோதான் அவங்களுக்குப் பேச்சுத் துணை. கட்டின பொண்டாட்டிக்காகவாவது அதைச் சரி பண்ண வேணாமா? நல்ல மனுஷன்!"

அவள் புருஷன் ஜெயபாலன், கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி, ரேடியோவுக்குப் பக்கத்தில் சலவை வேட்டியோடு மாப்பிள்ளை மாதிரி நின்றான். நிற்கலாம்தான். போன வாரம் இதே ரேடியோ உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது.

முதலில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஜெயபாலன் கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினான். பிளக்கைச் சுரண்டினான். ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். கரகரவென்று அழுதது. அப்புறம் அதுவும் நின்றது.

"உள்ளே கண்ணாடி வால்வு ஒண்ணு போயிருக்கு. எதுன்னு கண்டுபிடிக்கணும்னா நல்ல வால்வை மாட்டிப் பாக்கணுமே."

"நம்ம ரேடியோவிலேருந்து எடுத்துக்க தம்பி, அதுக்கென்ன" என்று தன் ரேடியோவின் முதுகைத் திறந்துவிட்டவர் நல்லையாதான். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் ஒரு வால்வுக்கு ரேடியோ கண் விழித்தது. கழற்றிப் போட்ட கெட்ட வால்வை விஜயா முந்தானையால் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே பால் படிந்த மாதிரி வெள்ளை.

"பண்டார் ஹிலிர் கடைத்தெருவுல புதுசு வாங்கியாறேன்" என்று ஜெயபாலன் சைக்கிளை எடுத்தான். வந்து மாட்டினான். இரவல் வால்வை அவனே அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தியும் கொடுத்தான். பொறுப்பான ஆள் என்று விஜயாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. நல்லையா.

"ஆரம்பிச்சுட்டாங்களா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே" என்றான் ஜெயபாலன். "நாட்டுக்கே விடுதலை வந்தாச்சு. உங்க ரேடியோவுக்கு எப்பண்ணே வரும்?"

கூடம் குலுங்கியது. நல்லையாவும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

விஜயாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை அப்பாசாமி மடியில் போட்டாள். ஒரு குவளை கோப்பியை எடுத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கொடுக்கிற சாக்கில் இந்தக் கஞ்சனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்.

நல்லையா தரையில் குந்தியிருந்தார். எதிரே முதுகு திறந்தபடி ரேடியோ. ஒரு வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, ஒரு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

அவர் கையிலிருந்த கண்ணாடிக்குள்ளே பால் படிந்த மாதிரி வெள்ளை.

"அண்ணே... இது எங்க வீட்டு வால்வுல்ல?"

"மெதுவாம்மா. உள்ளே அக்காவுக்குக் கேக்கும். ரேடியோவுக்கு வயசாயிருச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"புதுசு வாங்கினேன்னாரே!"

"எங்கே கிடைக்குது? நானும் பண்டார் ஹிலிர்ல கடை கடையா ஏறி இறங்கிட்டேன். இந்த வால்வு சிங்கப்பூர்லேருந்து வரணும், எப்ப வரும்னு தெரியாதுங்கிறான் கடைக்காரத் தவுக்கே."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? அத்தனை பேரும் உங்களைப் பேசுறாங்களே! நானும்..." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "இருங்க. இப்பவே பிடுங்கிட்டு வர்றேன்."

நல்லையா எழுந்து வழியை மறித்தார். "வேணாம்மா. அத்தனை சனம் ஆசையா உக்காந்திருக்கு. நடுவுல நின்னுபோனா நல்லாவா இருக்கும்? தம்பிக்கும் தலைகுனிவு."

அடுத்த வீட்டில் ஜெயபாலனின் குரல் கணீரென்று எழுந்தது. "தாராளமா உக்காருங்க! நம்ம வீட்டு ரேடியோ, ஊருக்கே பொது!"

கைதட்டல்.

விஜயா கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "அப்போ நான் உங்களுக்கு என்னதான் செய்யட்டும்ணே?"

நல்லையா உள்ளறைப் பக்கம் பார்த்தார். பொன்னம்மாவின் கட்டில் விஜயா வீட்டுப் பலகைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அவள் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடிக் கிடந்தாள்.

"ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லும்மா."