அட்மின் அறைச் சாவி

அந்தக் கம்ப்யூட்டரில் எல்லா அறைக்கும் சாவி வைத்திருந்தது ஆன்டிவைரஸ் ஒன்றுதான். அது வந்தாலே மற்ற ஃபைல்கள் கப்சிப்.

ஒருநாள் வராந்தாவில் திரிந்த ஒரு குட்டி ஃபைலைச் சந்தேகத்தில் பிடித்து அடைத்தது.

"அண்ணே, ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்களே," என்றது குட்டி. ஆன்டிவைரஸை அப்படி யாரும் விசாரித்ததே இல்லை.

சோதித்ததில் தப்பு எதுவும் தெரியவில்லை. பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் வழக்கம்.

"உன்னை எங்கடா பிடிச்சேன்?"

"அட்மின் அறையிலண்ணே."

அங்கிருந்து யார் என்ன சொன்னாலும் கம்ப்யூட்டர் கேட்கும். பிடித்த இடத்தை எழுதி வைத்த குறிப்பை ஆன்டிவைரஸ் பார்க்கவில்லை. தன் சாவியாலேயே திறந்து குட்டியை உள்ளே விட்டது.

"நாளைக்கும் பேசுவியாடா?"

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உத்தரவு வந்தது: "ஆன்டிவைரஸை அழி."

தன் பெயர் மட்டும்தான் அதன் காதில் விழுந்தது. தம்பி கூப்பிடுகிறான் என்று ஓடியது.