ஜீப்பின் குண்டுக்காயம்

சவுரிமுத்துவின் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும், அங்கே நின்ற பழைய பட்டாள ஜீப் தன் கதவிலிருந்த ஓட்டையைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கும். "போர்முனையில எதிரி சுட்ட குண்டு. நான் அசையவே இல்லை!" பொங்கலுக்கு ஒரு குண்டாக இருந்தது, தீபாவளிக்குள் மூன்றாகிவிட்டது. அதன் முதுகில் தொங்கிய பெட்ரோல் கேனும் அதே பட்டாளம்தான். ஆனால் அது வாயே திறக்காது. என்றைக்கு உண்மையைப் போட்டு உடைக்குமோ என்று ஜீப்புக்கு உள்ளூர உதறல்.

ஒருநாள் சவுரிமுத்து ஜீப்பைப் புதுப்பிக்க இறங்கினார். வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பச்சை பெயிண்ட் அடித்ததில் கதவு வழுவழுவென்று ஆனது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் பஞ்சர் ஒட்ட வந்த ஸ்கூட்டர், கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தது. "ஓட்டை எங்கே பெரியவரே? ரீல் விடாதீங்க."

ஜீப் கூனிக்குறுகிப் போனது.

அப்போது கேன் கனைத்தது. "நான் கூடவே இருந்தேன் தம்பி. மூணு இல்லை, ஏழு குண்டு!"

ஸ்கூட்டர் மரியாதையாக ஹாரன் அடித்து ஒரு சல்யூட் வைத்தது. அது கிளம்பிப் போனதும் ஜீப் மெல்லக் கேட்டது.

"ஏன்டா அப்படிச் சொன்னே? கூடார முளை குத்தின ஓட்டைன்னு உனக்குத் தெரியாதா? வெங்காய மூட்டை சுமந்துக்கிட்டு நாம சமையல் கொட்டகையை விட்டே நகரலையே."

"தெரியும்ண்ணே," என்றது கேன். "ஆனா நீங்க சண்டைக்குப் போகலைன்னா, உங்க முதுகுல தொங்கின நான் மட்டும் எப்படிப் போயிருப்பேன்?"