கதவு என்று வரும் வரிகள்

“கதவுன்னு வர்ற வரியை எல்லாம் எடுத்துடும்மா” என்றார் மேனேஜர், சகாயமேரியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. திரையில் குடோன் தீவிபத்து அறிக்கை. கண்ட்ரோல் கீயைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அங்கங்கே கிடந்த வரிகளை ஒவ்வொன்றாக மவுஸால் தேர்ந்தெடுத்தாள். நடுவில் விரலை எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும். வெட்டினாள். வெட்டின இடமே தெரியாமல் அறிக்கை கூடிக்கொண்டது.

“இப்பதான் படிக்க நல்லாருக்கு. பிரிண்ட் போடு, கையெழுத்துப் போட்டுடறேன்.” போன் வர, வராந்தாவுக்குப் போனார்.

அவர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே கர்சரை வைத்து, வெட்டினதை ஒட்டினாள். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

கதவு வெளியே பூட்டியிருந்தது.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள்.

கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பிரிண்டர் தாளை இழுக்கத் தொடங்கியபோது, வராந்தாவிலிருந்து செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.