இரண்டாவது ஆடியோ

“ஒரு வீடியோ ஏறுறதுக்கு நாற்பது நிமிஷமா? போன வருஷம் ரெண்டே நிமிஷத்துல ஏறிச்சேம்மா!”

வடிவமைப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேலாளர் கத்தினார். அவள் திரையைக் காட்டினாள். பச்சைக் கோடு பதினொரு சதவீதத்தில் படுத்துக் கிடந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான டிஜிட்டல் அறிவியல் புத்தகம் அது. பக்கங்கள் எல்லாம் தயார். பதினெட்டு வீடியோக்களை உள்ளே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் புத்தகம் போயாக வேண்டும். காலையிலிருந்து ஏறியது இரண்டுதான்.

“கம்ப்யூட்டர்ல கோளாறா?”

“டெக்னீஷியன் வந்து பார்த்துட்டார் சார். கேபிளை மாத்தினோம், டிஸ்க்ல இடம் காலி பண்ணினோம். மெஷின்ல ஒரு குறையும் இல்லைன்னுட்டார்.”

“அப்புறம் என்னதான் கேடு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “போன வருஷ வீடியோ ஒண்ணை ஏத்திப் பார்த்தேன். சட்டுனு ஏறிடுச்சு. நம்ம எடிட்டர் இந்தத் தடவை கொடுத்த ஃபைல்லதான் ஏதோ இருக்கு சார்.”

மேலாளருக்கு அது போதும். மூலை மேஜையில் ஹெட்ஃபோனும் தானுமாக உட்கார்ந்திருந்த வீடியோ எடிட்டரை ஆபீசே ‘ஆமை’ என்றுதான் சொல்லும். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் பதில் வராது, சிரிப்புதான் வரும்.

“இங்க வாய்யா! வீடியோவுக்குள்ள என்னத்தைப் போட்டுத் தொலைச்சே?”

எடிட்டர் எழுந்து வந்தார். “சொல்லணும்னுதான் சார் இருந்தேன்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆறு மணிக்குப் புத்தகம் போகலேன்னா, நாளையிலேருந்து நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்!”

அதற்குள் வடிவமைப்பாளர் ஃபைலின் விவரங்களைத் திறந்திருந்தாள். “சார், இதுல ரெண்டு ஆடியோ இருக்கு. ஒண்ணு நாம போட்ட இசை. இன்னொண்ணு வேற ஏதோ வகையில பதிவாகியிருக்கு. அது சாஃப்ட்வேருக்கு ஒத்துக்கலை. அதான் ஒவ்வொரு வீடியோவையும் முதல்லேருந்து மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருக்கு.”

“அந்தக் குப்பையைத் தூக்கி வெளிய போடு.”

“என்னன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போடறேன் சார்.”

ஸ்பீக்கரில் எடிட்டரின் குரல் வந்தது. அந்தக் குரலில் இத்தனை பேச்சு இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“ஒரு காம்புல கூடு தலைகீழா தொங்குது. உன் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். இப்போ அதுல ஒரு கீறல். காய்ஞ்ச வெங்காயத் தோல் மாதிரி பிரியுது. முதல்ல கால் வருது. தையல் நூல் மாதிரி மெல்லிசு. பிடிமானம் தேடுது, தேடுது... கிடைச்சிடுச்சு. இறக்கை இன்னும் இறக்கையா ஆகலை. மழையில நனைஞ்ச காகிதத்தைக் கசக்கின மாதிரி இருக்கு. நீ கையை இறுக்கி மூடிக்கோ. மெதுவா, ரொம்ப மெதுவா விரிச்சுப் பாரு. அந்த வேகத்துலதான் அதுவும் விரியுது.”

வடிவமைப்பாளர் தன்னை அறியாமல் கண்ணை மூடியிருந்தாள். மடியில் அவள் கை ஒவ்வொரு விரலாக விரிந்துகொண்டிருந்தது.

“நிறம் ஆரஞ்சு. வெயில்ல காய்ஞ்ச துணியை எடுத்ததும் கன்னத்துல வெச்சுப் பாரு, அந்தச் சூடு மாதிரி ஒரு நிறம். இதோ, பறக்கப் போகுது. மூச்சை அடக்கிக்கோ... பறந்துடுச்சு!”

மேலாளரும் மூச்சை அடக்கியிருந்தார் என்பது, அவர் அதை விட்டபோதுதான் தெரிந்தது.

“இந்தப் பட்டாம்பூச்சி வீடியோவை நான் நூறு தடவை பார்த்திருக்கேன் சார்,” என்றாள் அவள். “கால் பிடிமானம் தேடுறதை இப்போதான் கவனிச்சேன்.”

“அடுத்ததைப் போடும்மா.” மேலாளரின் குரல் இறங்கியிருந்தது.

அடுத்தது சூரிய கிரகணம். “நீ நல்ல வெயில்ல நிக்கறே. யாரோ உன் தலைக்கு மேல சத்தமில்லாம ஒரு போர்வையை இழுக்கறாங்க. நெத்தியில சூடு குறையுது. பறவைகளுக்குக் குழப்பம், பேச்சை நிறுத்திடுச்சுங்க...”

மேலாளர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பதினெட்டுலயும் இப்படிப் பேசியிருக்கியாய்யா?”

“ஆமா சார். சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து பதிவு பண்ணினேன். எந்த வகையில சேமிக்கணும்கிறதுலதான் தப்புப் பண்ணிட்டேன்.”

“அது ஒரு பெரிய விஷயமே இல்லை,” என்று வடிவமைப்பாளர் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அந்த ஆடியோவைச் சரியான வகைக்கு மாற்றினார்கள். மறுபடி ஏற்றியதும் பச்சைக் கோடு கடகடவென்று ஓடிப் போய் நின்றது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேலாளர் எடிட்டரின் தோளில் கை வைத்தார். “யாருய்யா இதையெல்லாம் செய்யச் சொன்னது உன்னை?”

“போன வருஷம் ஒரு பொண்ணு நம்ம ஆபீசுக்கு மெயில் எழுதியிருந்தா சார். பார்வை இல்லாத பொண்ணு. ‘எரிமலை வர்ற பக்கத்துல மூணு நிமிஷம் வெறும் இசைதான் கேட்குது. அப்போ அங்க என்ன நடக்குது?’ன்னு கேட்டிருந்தா.”

“அடடா! இந்த ஆபீஸ்ல அதைக் காதுல போட்டுக்கிட்டது நீ ஒருத்தன்தானா!”

“ஐயோ, இல்லை சார். அன்னிக்கே அவளுக்குப் பதில் போயிடுச்சு. எனக்கும் ஒரு நகல் வந்தது.” எடிட்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “‘அடுத்த புத்தகத்தில் கட்டாயம் செய்கிறோம், இது என் வாக்கு’ன்னு நீங்கதான் சார் எழுதியிருந்தீங்க.”