அட்டை மட்டும் போதும்

"எனக்குப் புடவை வேண்டாம் மாலா. அதுல தொங்குது பாரு, அந்த அட்டை மட்டும் ஒண்ணு குடு."

மாலாவுக்கு முதலில் புரியவில்லை. டெல்லி மயூர் விஹார் ஃபிளாட்டின் முன்னறையில் புடவைக் கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. வந்தவர்கள் காபி கேட்டார்கள். வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள். ஒருத்தி பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அட்டை கேட்ட முதல் ஆள், கடை திறந்த அன்று குத்துவிளக்கு ஏற்றி வைத்த மாடி வீட்டு மங்களம்தான்.

"அட்டையை வச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?"

"நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயம். சம்பந்தியம்மாவுக்குப் புடவை வச்சுக் குடுக்கணும். வீட்டுலயே புதுசு ஒண்ணு இருக்கு, ஆனா மொட்டையா இருக்கு. உன் அட்டையைக் கட்டிட்டா பொட்டீக் ஷோரூம்ல எடுத்த மாதிரி ஜம்முன்னு இருக்கும்ல?"

அட்டை என்னவோ ஜம்மென்றுதான் இருந்தது. கறுப்பு அட்டை, தங்க நிறத்தில் கடைப் பெயரும் விலாசமும், தொங்கவிடப் பட்டு நூல். சாவ்டி பஜாரில் அடித்தது. கொள்ளை மலிவு, ஆனால் ஆயிரம் அட்டைக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். மாலாவிடம் இருந்ததோ நாற்பது புடவை. "பின்பக்கம் ஃப்ரீ, மேடம்ஜி. ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார் அச்சகக்காரர். ஃப்ரீ என்றால் மாலா விடுவாளா? 'பிடிக்கவில்லையா? பதினைந்து நாளில் அதே விலைக்கு வேறு புடவை மாற்றிக்கொள்ளலாம்' என்று அடிக்கச் சொல்லிவிட்டாள். பின்பக்கத்தை எவள் படிக்கப் போகிறாள் என்ற தைரியம்தான்.

கணவன் ஸ்ரீதர் தலையில் அடித்துக்கொண்டான். ஹாலில் இருந்த சோபா கடைக்காக பெட்ரூமுக்குப் போய்விட்டதில் அவனுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அந்த மயில்கழுத்துப் பட்டை மட்டும் நீ வித்துக் காட்டு. இல்லைன்னா கடையைக் கட்டிட்டு சோபாவைத் திரும்பப் போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தான்.

மயில்கழுத்து நிறப் பட்டுதான் கடையிலேயே உருப்படியான சரக்கு. விலை நாலாயிரத்து ஐந்நூறு. நொய்டாவில் ஒரு பெண் அதைப் போட்டோவில் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். மாலாவின் மொத்த நம்பிக்கையும் அந்த ஒரு புடவையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரிக்கா, புடவையைக் காட்டுங்க. அதுக்குத் தக்க மாதிரி விலை எழுதலாம்."

மங்களம் பையைச் சட்டென்று அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "அதை எதுக்கு நீ பார்த்துக்கிட்டு? நாலாயிரத்து ஐந்நூறுன்னு போடு. சம்பந்தியம்மா யாருன்னு நினைச்சே? அறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் லேடீஸ் குரூப்புக்கு அட்மின். உன் கடைப் பேரு ஜனக்புரி பூரா பரவிடும்."

செலவில்லாத விளம்பரம். மாலா எழுதிக் கொடுத்தாள். அதிகப்படியாக ஒரு பூப்போட்ட காகிதப் பையும் கொடுத்தாள்.

பத்தாவது நாள், அதே பூப்போட்ட பை கடைக்குள் நுழைந்தது. கூடவே ஒரு அம்மாள்.

"ஏம்மா, மாலாங்கறது நீதானா? நான் சாந்தகுமாரி. மங்களத்தோட சம்பந்தி. ஜனக்புரியிலேர்ந்து ரெண்டு மெட்ரோ மாறி வரேன்."

"வாங்க ஆன்ட்டி! காபி குடிக்கிறீங்களா?"

"காபி இருக்கட்டும். சம்பந்தி குடுத்த புடவையைக் கட்டிப் பார்த்தேன். என் நிறத்துக்கு எடுக்கலை. மாத்திக்கலாம்னு அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்கியே?"

டெல்லியிலேயே அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கும் ஒரே பெண்மணி தன் கடைக்குத்தானா வர வேண்டும் என்று மாலாவுக்கு அழுகையாக வந்தது. உண்மையைச் சொன்னால் மங்களத்தின் பெண் கல்யாணம் அந்தரத்தில் நிற்கும். முடியாது என்றால் அறுபது பேருக்கும் இன்றே சேதி போகும்.

"இந்தக் காட்டன்ல ஏதாவது..."

"நாலாயிரத்து ஐந்நூறுக்குக் காட்டனா? அதோ, அந்த மயில்கழுத்தை எடு."

"அது ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் ஆன்ட்டி."

சாந்தகுமாரி கைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். அட்மினுக்கு அதற்கு மேல் என்ன பேச்சு?

மாலா மயில்கழுத்தை மடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்த பையை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எப்படியும் தன் கடைச் சரக்கு இல்லை, பார்த்து மட்டும் என்ன ஆகப் போகிறது?

அந்த அம்மாள் படி இறங்கியதும் உள்ளிருந்து ஸ்ரீதர் எட்டிப் பார்த்தான். காலியான ஹேங்கரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "அட, மயில்கழுத்து போயிடுச்சா! சபாஷ்! யாரு எடுத்தது?"

"போயிடுச்சு" என்றாள் மாலா.

அவன் விசிலடித்தபடி உள்ளே போனான். மாலாவுக்கு மங்களத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படி எந்தக் குப்பையைத்தான் தன் அட்டையோடு தள்ளிவிட்டிருக்கிறாள் மனசாட்சி இல்லாதவள் என்று பையை வெடுக்கென்று பிரித்தாள்.

வெங்காயக் கலரில் ஒரு புடவை. மடிப்பு கலையவே இல்லை. கட்டிப் பார்த்தாளாம்! உள்மடிப்பில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தது. அதைக் கழற்றியதும், உள்ளங்கை அகலத்துக்குச் சாயக் கறை பல்லைக் காட்டியது.

கடை திறந்த அன்று, இந்தக் கறையை மறைக்க அந்தப் பின்னைக் குத்தி, "உங்களுக்குன்னே எடுத்து வச்ச ஒரிஜினல் பட்டுக்கா" என்று விளக்கேற்றிய மங்களத்துக்குக் குங்குமத்தோடு வைத்துக் கொடுத்தவள் மாலாவேதான்.