அடுப்படிக் கட்டில்

தேனி அடுக்குமாடி வீடொன்றின் சமையலறைத் தரையில் ஜெபஷீலா மல்லாந்து படுத்திருக்கிறாள். மடக்குக் கட்டிலுக்கு அளவெடுக்க வந்த ஆசாரி ராக்கப்பன் அவள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்பீஸால் கோடு கிழிக்கிறார். தாயில்லாத தம்பி விஜய்ராஜை வளர்த்தே ஐம்பதைத் தொட்டுவிட்டவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் வளர்ந்த போடி வீட்டை விற்றுத்தான் தம்பி இந்த ஃபிளாட்டை வாங்கினான். ஓர் அறை அவனுக்கும் மனைவி ஜாய்ஸுக்கும், இன்னொன்று பிள்ளைகளுக்கு. ஹாலை சோபா அடைத்துக்கொண்டது. ஜன்னல் வெயில் நேராக ஜெபஷீலாவின் முகத்தில் அடிக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“பகல்ல சுவரோட மடிச்சுட்டா, இங்கன ஒரு ஆளு இருக்கிறதே தெரியாதும்மா,” என்கிறார் ராக்கப்பன் பெருமையாக.

“அதான் வேணும். பாஸ்டர் வந்தாகன்னா, அடுப்படியில கட்டிலப் பாத்து என்ன நெனப்பாக?” என்றபடி ஜாய்ஸ் ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். கதவு ஜெபஷீலாவின் நெற்றியில் இடித்து நிற்கிறது.

“முழுசாத் தெறக்கலியே. மதினி, நீங்க காலை மடக்கித்தான படுப்பீக?”

ஜெபஷீலா அடுப்படி வாசலில் நிற்கும் தம்பியைப் பார்க்கிறாள். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லுக்கா, ஆசாரிக்கு நேரமாகுதுல்ல.”

அவள் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக் கால்பக்கமாக நகர்கிறாள். ராக்கப்பன் பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவள் உச்சந்தலையை ஒட்டிப் புதுக்கோடு போடுகிறார்.

“இன்னுங் கொஞ்சம் ஒடுங்கினா, கால்மாட்டுல அரிசி டிரம்மையும் வச்சுரலாம்,” என்கிறாள் ஜாய்ஸ்.

ஜெபஷீலா இன்னும் கொஞ்சம் ஒடுங்குகிறாள்.