நான் படைத்த செல்

இன்று காலை நான் ஏறக்குறைய கடவுளாகிவிட்டேன்.

முடியளவு கால்வாய்கள் ஓடும் கண்ணாடிச் சிப்பில் நீரையும் கொழுப்பையும் செலுத்தி, செல்லைப் போலவே இருக்கும் லிப்போசோம் குமிழிகள் செய்வது என் வேலை. அவை சும்மா மிதக்கும், பிறகு உடையும். இன்று ஒன்று மட்டும் மொட்டு விட்டு இரண்டாகப் பிரிந்தது.

"மேடம், என் செயற்கை செல் குட்டி போட்டிருச்சு" என்று ஆய்வகத் தலைவியை அழைத்து வந்தேன். வரும் வழியிலேயே, விருது விழாவில் யாருக்கு நன்றி சொல்லாமல் விடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அவர் நுண்ணோக்கித் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"உயிர் இருக்கு. சந்தேகமே இல்ல."

எனக்குக் கண் கலங்கியது.

"ஆனா இது நீங்க செஞ்சது இல்ல. நிஜமான நுண்ணுயிர். யாரோ கையைச் சரியா கழுவாம சிப்பைத் தொட்டிருக்காங்க."

"யாருன்னு கண்டுபிடிச்சு உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன், மேடம்."

அப்போது மனைவி போனில் அழைத்தாள்.

"ஏங்க, காலையில ரொட்டிக்கு நீங்க பிசைஞ்சு வச்ச மாவு உப்பவே இல்ல. ஈஸ்ட் பாக்கெட் பிரிச்சுக் கிடக்கு, மாவுல போட்டீங்களா இல்லையா?"

திரையைப் பார்த்தேன். இன்னொன்று மொட்டு விட்டிருந்தது.

"போட்டேன்மா" என்றேன். "வீட்டுலதான் போடல."